நெற்றி வியர்த்தால் நாள் பார்க்காதீர்கள்

பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்க்கிறதா? நாலு வாய் குடித்துவிட்டு மூச்சு வாங்கி, மார்பை விட்டுவிட்டு, மறுபடி பசியில் அழுகிறதா? மாதம் மூன்றாகியும் எடை ஏறவில்லையா? சளி, நிமோனியா என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்களா? அழும்போது உதடும் நாக்கும் நீலம் பாரிக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். அமாவாசை கழியட்டும், ஆடி போகட்டும், மாமனார் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது பேருக்கு இதயத்தின் அமைப்பிலேயே ஏதோ ஒரு குறை இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பிறப்பதாகக் குழந்தை இதய மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்குக் குறை கடுமையானது. முதல் பிறந்தநாள் வருவதற்குள் சிகிச்சை செய்தாக வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பயந்து நடுங்க வேண்டிய நிலையில் இல்லை. சின்ன ஓட்டைகள் பல, இரண்டு மூன்று வயதுக்குள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. ஆனால் எது தானே மூடும், எது மூடாது என்பதை எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுக்காரர் தன் மச்சினன் பிள்ளைக்குத் தானாக மூடிக்கொண்டது என்று சொல்வார். அது அந்தப் பிள்ளையின் ஓட்டை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? எடை ஏறாத குழந்தையைப் பார்த்ததும் பட்சி தோஷம் என்பார்கள். மந்திரிப்பார்கள், தாயத்து கட்டுவார்கள். தாய்ப்பால் போதவில்லை என்று பவுடர் பாலுக்கு மாற்றுவார்கள். பால் கெட்டியாக இல்லை என்று தாயைக் குறை சொல்வார்கள். "அவங்க அப்பாவும் சின்ன வயசில இப்படித்தான் நோஞ்சானா இருந்தான்" என்று பாட்டி ஆறுதல் சொல்வாள். பாட்டியை நான் பழிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப் எட்டாத ஊர்களில் அவள்தான் நம்மையெல்லாம் வளர்த்து ஆளாக்கினாள். ஆனால் தாயத்தைக் கட்டிவிட்டு அதே கையோடு ஆஸ்பத்திரிக்கு வருவதை எந்தச் சாமியும் தடுக்கவில்லை. தாயத்தின் பெயரால் இரண்டு மாதத்தைக் கடத்துவதைத்தான் பாவம் என்கிறேன்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று கேட்கலாம். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பெரிய ஓட்டை இருக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது அறையில் அழுத்தம் அதிகம். வலது அறையில் குறைவு. மடை உடைந்த வாய்க்காலில் கீழ்வயல் மூழ்குவது போல, ஓட்டை வழியாகப் பாயும் இரத்தத்தில் நுரையீரல் மூழ்குகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, அதனால்தான் சளி விடாமல் பிடிக்கிறது, குடித்த பாலெல்லாம் மூச்சு விடும் உழைப்பிலேயே தீர்ந்துபோய் எடை ஏறாமல் நிற்கிறது. இந்த வெள்ளத்தைத் தாங்க நுரையீரலின் சின்ன இரத்தக் குழாய்கள் தம் சுவரைத் தடித்துக்கொள்கின்றன. மாதங்கள் போகப் போக அந்தத் தடிப்பு நிரந்தரமாகிவிடுகிறது.

இங்கேதான் ஒரு பயங்கரமான ஏமாற்று நடக்கிறது. நுரையீரலில் எதிர் அழுத்தம் ஏறியதும் ஓட்டை வழியாகப் பாயும் இரத்தம் குறையும். மூச்சு வாங்குவது குறையும். சளி குறையும். குழந்தை கொஞ்சம் சதை பிடிக்கும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட இரைச்சல்கூடத் தணியும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்: "பாத்தியா, ஓட்டை மூடிக்கிச்சு. அன்னைக்கே அவசரப்பட்டு அறுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்!" உண்மையில் அன்றைக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து அழுத்தம் தலைகீழாகி, கெட்ட இரத்தம் நல்ல இரத்தத்தில் கலக்கத் தொடங்கும். பிள்ளையின் உதடும் நகமும் நீலமாகும். ஐசன்மெங்கர் நிலை என்று இதற்குப் பெயர். 1897இல் விக்டர் ஐசன்மெங்கர் என்ற மருத்துவர் முப்பத்திரண்டு வயது மனிதர் ஒருவரிடம் கண்டு எழுதியது இது. அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஓட்டையை மூடினால் மூடியதே உயிரை எடுக்கும். ஆகையால் எந்த அறுவை மருத்துவரும் கை வைக்கமாட்டார். முதல் வயதில் ஓர் ஆபரேஷனோடு முடிந்திருக்க வேண்டியது, வாழ்நாள் முழுக்கத் தீராத நோயாக நிற்கும்.

சில குறைகளுக்கு மாதக் கணக்கே கிடையாது, நாள் கணக்குத்தான். இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அவற்றை மாற்றிப் பொருத்தும் அறுவை நடந்துவிடுவது நல்லது. வேறு சில குழந்தைகள், கருவில் திறந்திருந்த ஒரு சிறு குழாய் மூடாமல் இருக்கும் வரைதான் உயிரோடு இருப்பார்கள். பிறந்த சில நாள்களில் அது இயற்கையாகவே மூடும். வீட்டுக்குப் போன குழந்தை திடீரென்று துவண்டுவிடும். அதைத் திறந்து வைத்திருக்க மருந்து இருக்கிறது. குழந்தை அந்த மருந்து இருக்கும் இடத்துக்கு உயிரோடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

"எல்லாம் விதி" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1944 வரை அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. நீலம் பாரித்த குழந்தைகளுக்கு அதுவரை மருத்துவரிடம் மருந்தும் இல்லை, வழியும் இல்லை. ஓடி விளையாடும்போது நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர் இந்தக் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தையின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தைப் படித்தார். நுரையீரலுக்குப் போகும் இரத்தம் குறைவதுதான் சிக்கல், அதைக் கூட்ட ஒரு வழி வேண்டும் என்று அவர் கேட்டார். வழி கண்டவர்கள் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவரும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விவியன் தாமஸ் என்ற கறுப்பின இளைஞரும். தாமஸுக்கு மருத்துவப் பட்டம் கிடையாது. நாய்களிடம் அந்த அறுவையைப் பழகித் தேர்ந்தவர் அவர்தான். 1944 நவம்பர் 29 அன்று பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல் முறை செய்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் நின்று வழிகாட்டியவரும் அவர்தான். அன்றோடு விதி என்ற சொல் இந்த நோயில் செல்லாக்காசாகிவிட்டது. 1953இல் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றிகரமான ஓட்டை அடைப்பு நடந்தது. இவ்வளவு ஆன பிறகும் கைநீட்டி வாங்கிக்கொள்ளாமல் விதி என்று உட்கார்ந்திருப்பது பக்தியில் சேராது.

இனி, பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்சிமீட்டர், அதன் பச்சிளங்குழந்தைக்கான உணரி உங்கள் வார்டில் இருக்கிறதா? குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்க சில நிமிடங்கள் போதும். 90க்குக் கீழே காட்டினால் உடனே எக்கோ. 90க்கும் 95க்கும் இடையே தடுமாறினாலோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2011 முதல் இது தேசியப் பரிந்துரை. அங்கே மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதைச் சட்டமாக்கின. சட்டம் போட்ட மாநிலங்களில் கடுமையான இதயக் குறையால் சாகும் சிசுக்களின் விகிதம் 33 சதவீதம் குறைந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. ஊசி இல்லை, இரத்தம் எடுப்பது இல்லை, குழந்தை தூக்கம்கூடக் கலையாது. இதைச் செய்யாமல் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக் கொடுக்க மனம் எப்படி வருகிறது?

பெற்றோரே, வீட்டுக்குக் கிளம்பும் முன் நீங்களே கேளுங்கள்: "கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்துட்டீங்களா?" கேட்பது உரிமை. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சோதனையில் தேறிய குழந்தைக்கு இதயக் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. முன்னே சொன்ன பெரிய ஓட்டை இதில் சிக்காது. ஆறு வாரத்தில் தடுப்பூசிக்குப் போகும்போது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நோய் தெரிந்த அன்றே குடும்பத்தில் இன்னொரு விசாரணை தொடங்கிவிடும். யாரால் வந்தது? கிரகணத்தன்று வெளியே போனாளா? பப்பாளி தின்றாளா? அவள் வம்சத்தில் யாருக்காவது உண்டா? பிள்ளை பெற்று உடம்பு தேறாத பெண்ணைக் கூண்டில் நிறுத்தும் இந்தக் கொடுமையை முதலில் நிறுத்துங்கள். எத்தனையோ ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும், பெரும்பாலான பிறவி இதயக் குறைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியவில்லை. மரபணுவில் ஏற்படும் மாற்றம் சிலருக்கு. டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயக் குறையும் சேர்ந்தே வருகிறது. மற்ற பலருக்குக் காரணம் பிடிபடவே இல்லை. விஞ்ஞானிக்கே தெரியாததை மாமியார் தீர்ப்பாகச் சொல்ல வேண்டாம்.

ஆராய்ச்சி உறுதியாகக் காட்டிய சில காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் அறிவுரை கேட்க வேண்டியவர் தாய் மட்டும் இல்லை, குடும்பம் முழுவதும்.

முதலாவது ரூபெல்லா. 1941இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வரிசையாக வருவதைக் கவனித்தார். அவர்களில் பலருக்கு இதயத்திலும் குறை. தாய்மாரை விசாரித்தால், கருவுற்ற தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது. தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலும் தடிப்புமாக வந்து போகும் நோய், கருவில் கண்ணையும் காதையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்குகிறது. இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வில், கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கால் பங்குப் பேருக்கு ரூபெல்லாவே காரணம் என்று தெரிந்தது. தடுப்பூசி 1969 முதலே உலகில் உண்டு. அரசின் தட்டம்மை ரூபெல்லாத் தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. அப்போது நாம் என்ன செய்தோம்? வாட்ஸ்அப்பில் வந்த புரளியைப் படித்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டோம். முகாம் நாளையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. படித்தவர்கள் நிறைந்த பள்ளிகளில்தான் எதிர்ப்பு அதிகமாகக் கேட்டது என்பது என் நினைவு. அதை எண்ணினால் இன்றும் கோபம் வருகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு தவணை, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று. ஆண் பெண் இருவருக்கும் போடுங்கள். திருமணத்துக்கு நிற்கும் பெண் போடாமல் விட்டிருந்தால் இப்போது போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். கருவுற்ற பிறகு போடக் கூடாது.

இரண்டாவது சர்க்கரை. கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை நோய் இருந்து, அது கட்டுக்குள் இல்லாவிட்டால், குழந்தைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு கூடுகிறது. கருவின் இதயம் மூன்றாம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்கி, எட்டாம் வாரத்துக்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடும். நாள் தள்ளிப்போய், உறுதி செய்து, சொந்தபந்தத்துக்குச் சொல்லி, முதல் ஸ்கேனுக்குப் போகும்போது இதயம் கட்டி முடிந்த வீடு. ஆகவே வளைகாப்புக்குப் பிறகு சர்க்கரையைக் குறைப்பதால் இதயத்தின் அமைப்புக்குப் பயனில்லை. குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே சர்க்கரை பாருங்கள், ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள். வலிப்புக்கோ மனநலத்துக்கோ முகப்பருவுக்கோ மாத்திரை எடுத்துவந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

மூன்றாவதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். சொத்து வெளியே போகக் கூடாது, சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று அத்தை மகனுக்கும் தாய்மாமனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் மணந்தவர்கள். நாட்டிலேயே முன்வரிசை நாம்தான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும் வாய்ப்பு 3 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக, அதாவது இரட்டிப்பாக, உயர்வதை அது காட்டியது. அந்தக் குறைகளில் இதயக் குறையும் ஒன்று. அத்தை மகனைவிடத் தாய்மாமன் இரத்தத்தில் இன்னும் நெருக்கம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள், உண்மை. ஏற்கெனவே மணமானவர்கள் கலங்க வேண்டாம்; ஐந்தாம் மாதத்தில் கருவின் இதய ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளைக்கு இதயக் குறை இருந்தவர்களும் அடுத்த கர்ப்பத்தில் அதைத் தவறவிடக் கூடாது. இனி நிச்சயம் செய்யப்போகிறவர்களிடம்தான் கேட்கிறேன்: காணி நிலத்துக்காக ஏன் இந்தப் பந்தயம்?

இத்தனையிலும் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இதய அறுவை தேவை என்று சொல்லப்பட்ட 405 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 70 பேருக்கு அறுவை நடந்திருந்தது. பெண் பிள்ளைகளில் 44 பேருக்கு மட்டும். ஒரே மருத்துவமனை, ஒரே நோய், ஒரே மருத்துவர்கள். வித்தியாசம் வீட்டில்தான் இருந்தது. அது வடக்கே நடந்தது என்று நாம் கை கழுவிக்கொள்ள முடியுமா? "பொட்டப் புள்ளைக்கு நெஞ்சில தழும்பு இருந்தா யார் கட்டுவா?" என்ற கேள்வியைத் தமிழில் கேட்காதவர் யார்? தழும்போடு உயிருள்ள மகள் வேண்டுமா, தழும்பில்லாத படம் சுவரில் வேண்டுமா என்று நேராகவே கேட்டுவிடுகிறேன்.

அடுத்தது, மறைத்துக் கல்யாணம் செய்து வைப்பது. சின்ன வயதில் ஓட்டையை அடைத்து நன்றாக வளர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மணக்கலாம், பிள்ளை பெறலாம். அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் சிகிச்சையே செய்யாமல் நாளைக் கடத்தி, ஐசன்மெங்கர் நிலைக்கு விட்டு, அதையும் மறைத்து மணம் முடித்துக் கொடுத்தால், அந்தப் பெண்ணைக் கருவுறச் சொல்வது கிணற்றில் தள்ளுவதற்குச் சமம். அந்த நிலையில் கருவுற்ற தாய்மாரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இறந்ததாக மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் போகட்டும். பிரசவ அறையில் மருத்துவருக்கே தெரியாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

பணம் இல்லை என்பதைத் தமிழ்நாட்டில் இந்த நோய்க்குச் சிகிச்சை செய்யாததற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் வரை தாங்கும். குழந்தைகளின் இதய அறுவை அதில் உண்டு, அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. குறை கண்டால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறது. அந்த நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆசிரியர்களே, படி ஏறினால் மூச்சு வாங்கி உட்காரும் மாணவனைச் சோம்பேறி என்று முட்டி போட வைக்கும் முன், அந்தக் குழுவிடம் காட்டுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்தவர்களும் அதோடு எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. நீலம் பாரித்துப் பிறந்து அறுவை செய்துகொண்ட பிள்ளைகளில் பலருக்கு, பத்து இருபது ஆண்டு கழித்து வால்வு கசியத் தொடங்கும். மருத்துவர் சொன்ன தேதியில் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பல் சொத்தையை அலட்சியம் செய்யாதீர்கள். அதிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி இதயத்தில் குடியேறும். பல் பிடுங்கும் முன் இதய ஆபரேஷன் ஆன பிள்ளை என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் தடுக்காத வரை விளையாட விடுங்கள். மூலையில் உட்கார வைத்து வளர்க்காதீர்கள்.

கடைசியாக வீட்டுத் தலைவர்களுக்கு. தாய்க்கு எப்போதோ தெரிந்திருக்கும். இரவெல்லாம் மடியில் வைத்துப் பார்த்தவள் அவள். அவள் சொல்லியும் இருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பல வீடுகளில் நீங்கள்தான் கையில் வைத்திருக்கிறீர்கள். தகப்பனாரே, தாத்தாவே, மாமாவே, ஜோசியரையும் பங்காளிகளையும் கேட்டு முடிப்பதற்குள் அந்தக் குழந்தைக்கான காலம் முடிந்துவிடலாம். மருத்துவர் தேதி கொடுத்துவிட்டால் அந்தத் தேதியிலேயே போங்கள். பெண் குழந்தை என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய் நில்லுங்கள்.